பிளாஸ்திரி ஒட்டிய பொத்தான்

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். இசைத்தட்டா, டிஜிட்டலா. இரண்டும் வேண்டும் என்று எழுத அந்தத் தாளில் இடம் விடவில்லை.

தாளைக் கொண்டுவந்தவன் ரித்விக், இசைவு கம்பெனியின் டெக்னீஷியன். திங்கட்கிழமை காலை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தபோது வந்தான். எங்கள் டயாலிசிஸ் கூடத்தில் இருபத்திரண்டு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் கையில் ஊசியோடு நான்கு மணி நேரம் அசையாமல் சாய்ந்திருப்பார். பக்கத்தில் நிற்கும் இயந்திரம் அவருடைய ரத்தத்தை வாங்கிச் சுத்தம் செய்து திருப்பித் தரும். மூலையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நான், இசைத்தட்டைச் சுழற்றும் இரண்டு டர்ன்டேபிள், ஒரு மிக்ஸர், ஒரு கம்ப்யூட்டர். ஒன்பது வருடமாக இங்கே நான்தான் டி.ஜே. கோயம்புத்தூரிலேயே யாரும் எழுந்து ஆடாத ஒரே டி.ஜே. நானாகத்தான் இருப்பேன். நான் போடுவது ஆம்பியன்ட். அதில் தாளம் கிடையாது, பாட்டு கிடையாது. நீளமான சத்தங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக மெல்லப் படியும். யாராவது காது கொடுத்துக் கேட்டுவிட்டால் அன்றைக்கு நான் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

"ரெண்டையும் கலந்து ஓட்டறீங்க மேடம். அதுதான் சிக்கல்," என்றான் ரித்விக். "டிஜிட்டல் ஓடறப்ப எங்க சிஸ்டம் எல்லார் கையையும் பார்த்துட்டே இருக்கு. நீங்க தட்டு போட்டதும் அதுக்கு ஒண்ணும் பண்ண முடியறதில்லைங்க."

"தட்டு யாரையும் பார்க்காது. அது பாட்டுக்கு ஓடும்," என்றேன்.

"அதைத்தான் சொல்றேன்."

கூடத்துக்குள் வரும் எல்லோர் மணிக்கட்டிலும் ஓர் இசைவுப் பட்டை இருக்கும். நோயாளிகள், நர்ஸுகள், நான், பார்க்க வருகிறவர்கள், யாருக்கும் விலக்கில்லை. அது நாடியை எண்ணிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். என்னுடையதை நான் வீட்டிலும் கழற்றுவதில்லை, எப்போது பார்த்தாலும் எழுபத்திரண்டு. நர்ஸுகள் அதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்வார்கள்.

"பாட்டை அது என்னதான் பண்ணுது? ஒன்பது வருஷமா ஓட்டறேன், யாரும் எனக்குச் சொன்னதில்லை," என்று கேட்டேன்.

"எந்த இடத்துல துடிப்பு ஏறுதோ, அடுத்த தடவை அந்த இடத்தைக் கொஞ்சம் தாழ்த்தும். மறுபடியும் ஏறினா இன்னும் தாழ்த்தும். இந்தக் கூடம் மட்டும் இல்லீங்க, நாடு பூரா நாலாயிரம் கூடம். அத்தனை பேர் கையும் சேர்ந்து எடிட் பண்ணுது."

"கடைசியில என்ன மிஞ்சும்?"

"யாரையும் ஒண்ணும் பண்ணாதது மிஞ்சும்." அதைப் பெருமையாகத்தான் சொன்னான்.

நான் அவனைக் குறை சொல்லவில்லை. போனிலும் இந்தக் கம்பெனியின் இசைவு வந்து ஆறு வருடம் ஆகிறது. பேசுகிறவர் குரலில் உள்ள நடுக்கத்தை எடுத்துவிட்டுத்தான் நம் காதுக்குத் தரும். எல்லோரும் விரும்பித்தான் போட்டுக்கொண்டோம். என் கணவன் நிவின் காந்திபுரத்தில் பஸ் ஏறப் போன இடத்தில் விழுந்து இறந்ததை, அவன் தங்கை வர்ஷினி போனில்தான் எனக்குச் சொன்னாள். வரும்போது பால் வாங்கி வரச் சொல்வது போலக் கேட்டது. நானும் சரி என்றேன். அப்புறம் ஓடிக்கொண்டிருந்த தட்டை முழுதாக ஓடவிட்டு, அடுத்ததை மாற்றிவைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். இந்த வெள்ளிக்கிழமையோடு அதற்கு மூன்று வருடம். இதுவரை நான் அழவில்லை. அழக் கூடாது என்று எண்ணமெல்லாம் இல்லை, வரவில்லை.

வர்ஷினிக்கு அது ஆறவே இல்லை. அழாததைக்கூட விட்டுவிடுவாள், இதை விடமாட்டாள். நிவின் இறந்து ஒரு மாதம் கழித்து அவன் பையில் ஒரு மருத்துவமனை ஃபைல் கிடைத்தது. இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது, அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று ஐந்தாறு மாதம் முன்பே டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவன் போகவில்லை.

"அண்ணன் உங்ககிட்டச் சொல்லாம இருந்திருப்பாருங்களா அண்ணி?" என்று அவள் வருடம் தவறாமல் கேட்பாள்.

"சொல்லலை வர்ஷி," என்று நானும் வருடம் தவறாமல் சொல்வேன். அது உண்மை. எனக்கென்று கைவசம் இருந்தது அந்த உண்மை ஒன்றுதான். அவன் என்னிடம் சொல்லியிருந்தால் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கவைத்திருப்பேன்.

"ஒரு டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாங்க," என்றான் ரித்விக். "ஒரே பீஸை நாளைக்கு ரெண்டு விதமாவும் போடுங்க. முதல்ல டிஜிட்டல், அப்புறம் தட்டு. பட்டை என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

தட்டாகவும் டிஜிட்டலாகவும் என்னிடம் இருந்த பீஸ் ஒன்றே ஒன்றுதான். அது நிவின் செய்தது.

நிவின் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். பம்புக்கு ஷாஃப்ட் கடைந்த நேரம் போக, ஒரு பழைய லேத்தை மாற்றியமைத்து அதில் இசைத்தட்டு வெட்டுவான். ஃபாக்டரியில் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கிற தட்டு வேறு, இது வேறு. இதில் ஒரே ஒரு பிரதிதான் வரும். மேல்பூச்சு மிருதுவானது. ஊசி போகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டுதான் போகும். மூன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், சாப்பாட்டு டப்பாவோடு ஒரு தட்டையும் என் பையில் வைத்தான். மேலே பேர் எழுதவில்லை, ஒன்றும் எழுதவில்லை. சோம்பேறி.

"தனியா இருக்கறப்பக் கேளு, தர்ஷி. பத்து நிமிஷம்தான்," என்றான்.

எனக்குத் தனியாக இருக்க அன்றைக்கு ஒழியவில்லை. மதிய ஷிப்டில் கூடத்துக்கே போட்டேன். பதினான்கு நிமிடம் ஓடியது. நிவின் எதையும் குத்துமதிப்பாகத்தான் சொல்வான் என்று நினைத்துக்கொண்டேன். அடியில் ஒரு கனத்த முனகல், அதற்கு மேல் சங்கு ஊதுவது போல ஏதோ ஒன்று இழுத்து இழுத்து வந்து போனது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த தட்டைத் தயார் செய்துகொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டில் எப்படி இருந்தது என்று கேட்டான். "நல்லா இருக்கு. பாதிப்பேர் தூங்கிட்டாங்க," என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் எழுந்துபோய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தான்.

தட்டு தேய்ந்துவிடக் கூடாது என்று அந்த வாரமே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். தட்டைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தேன். அதற்குப் பிறகு நான் கேட்டதெல்லாம் டிஜிட்டல்தான். பத்திரப்படுத்துகிறேன் என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு முதலில் டிஜிட்டலை ஓட்டினோம். இருபத்திரண்டு பட்டைகளும் ஒரே கோட்டில் நின்றன. பதினோரு நிமிடத்தில் முடிந்தது.

"பதினாலு நிமிஷம் இருந்ததே," என்றேன்.

ரித்விக் திரையைத் தட்டிப் பார்த்தான். "குறைச்சிருக்குங்க. முதல் வாரத்துலயே அடியில இருந்த கரண்டு முனகலை எடுத்திருக்கு. அப்புறம் எடுத்தது…" நின்று படித்தான். "மனிதக் குரல்னு போட்டிருக்கு."

"அதுல குரலே கிடையாது."

"சில நேரம் காத்தடிக்கற சத்தத்தைக்கூட குரல்னு சொல்லுங்க. விடுங்க."

பிறகு தட்டைப் போட்டேன். இரண்டாவது நிமிடத்திலேயே ஐந்து நாற்காலிகளில் துடிப்பு ஏறியது. நர்ஸ் ஓடிவந்து ஒரு இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். ரித்விக் எண்களைக் குறித்துக்கொண்டான். அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குத் தாளை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போய்விட்டான்.

ஷிப்ட் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது ஏழாம் நாற்காலி சதீஷ்குமார் என் கண்ணாடித் தடுப்பைத் தட்டினார். பம்ப் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் மோட்டார் டெஸ்டிங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் குறை சொல்லுவார். ஏசி அதிகம் என்பார், டீயில் சர்க்கரை இல்லை என்பார். டயாலிசிஸ்காரருக்கு அரை டம்ளர் டீ கொடுப்பதே பெரிது.

"அம்மணி, ரெண்டாவதாப் போட்டீங்களே, அந்தத் தட்டு மெதுவா ஓடுதுங்க," என்றார்.

"அது அப்படித்தாங்க. ஆம்பியன்ட் மெதுவாத்தான் இருக்கும்."

"பாட்டைச் சொல்லலீங்க. அது எப்படியோ போகட்டும். அடியில கரண்டு முனகுதில்லீங்களா, எர்த் சரியில்லாத இடத்துல ரெக்கார்டு பண்ணிருக்காங்க. கரண்டு நம்மூர்ல எங்க போனாலும் ஒரே சுருதிலதான் முனகும். முப்பத்தொரு வருஷம் அதைக் கேட்டவன் நானு. இதுல அது தாழ்ந்து கேக்குது. நாலுல ஒரு பங்கு சுத்து கொறையுது. பெல்ட்டு கிது போயிருச்சான்னு பாருங்க." கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே லிஃப்ட் பக்கம் நடந்தார்.

பெல்ட்டெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. டர்ன்டேபிளில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்றை அழுத்தினால் தட்டு நிமிடத்துக்கு முப்பத்திமூன்று சுற்று சுற்றும், மற்றொன்றுக்கு நாற்பத்தைந்து. பெரிய தட்டு என்றால் முப்பத்திமூன்று என்பது பழக்கம். எல்லாவற்றுக்கும் அல்ல. பாட்டாக இருந்தால் தப்பான வேகம் பத்து நொடியில் தெரிந்துவிடும், பாடுகிறவர் குரல் காட்டிக்கொடுக்கும். ஆம்பியன்டில் தெரியாது. எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது தப்பான வேகத்தில் முழுத் தட்டையும் ஓட்டி, நன்றாக இருந்தது என்று பாராட்டும் வாங்கியிருப்போம். எனக்கு அப்படி நேராது என்று ஒரு மிதப்பு இருந்தது. துடைக்க வருகிறவர் கை பட்டு வேகம் மாறிவிடுகிறது என்று, வேலைக்குச் சேர்ந்த வருடமே நாற்பத்தைந்துப் பொத்தான் மேல் நர்ஸிடம் வாங்கிய பிளாஸ்திரியை ஒட்டிவிட்டேன்.

நாலில் ஒரு பங்கு. நாற்பத்தைந்தில் நாலில் ஒரு பங்கு போனால் முப்பத்திமூன்று சொச்சம். பதினான்கு நிமிடத்தில் நாலில் ஒரு பங்கு போனால் பத்தரை. பத்து நிமிஷம்தான் என்று அவன் சொன்னது குத்துமதிப்பு இல்லை.

அடுத்த ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கூடத்தில் யாரும் இல்லை. பிளாஸ்திரியை நகத்தால் பிய்த்தேன். ஒன்பது வருடம் ஒட்டியிருந்ததால் பாதி வந்தது, பசை அங்கேயே நின்றது. அழுத்தினேன்.

முனகல் மேலே ஏறி, நம் வீட்டு மீட்டர் பெட்டியின் சத்தமாக ஆனது. சங்கு ஊதியது மனிதக் குரல்தான். ஓசைகளுக்கு நடுவே, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடைவெளி விட்டு, நிவின் பேசிக்கொண்டிருந்தான்.

"தர்ஷி, நான்தான். போன்ல சொன்னா இசைவு என் குரலுக்கு இஸ்திரி போட்டுத்தான் உனக்குக் குடுக்கும். நேர்ல சொல்லலாம்னா உன்ற கையில அந்தப் பட்டை எழுபத்திரண்டுலயே நிக்கும். அதைப் பார்க்கற தெம்பு எனக்கில்லை. அதான் தட்டுல வெட்டிட்டேன். இதுல யாரும் கைவைக்க முடியாது."

வால்வைப் பற்றிச் சொன்னான். டாக்டர் பெயரைச் சொன்னான். நடுவில் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். குரல் நடுங்கியது. அவன் குரல் நடுங்கி நான் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"ஆப்பரேஷன் பண்ணா நல்லாகலாம். இல்லைன்னா வருஷக்கணக்கா படுக்கையில கெடக்கலாம். ரெண்டுக்கும் சரிபாதி வாய்ப்புங்கறாங்க. படுக்கைன்னா அது உன்ற தலையிலதான் விழும். அதனால நீ சொல்றதுதான். வேணும்னு நீ சொன்னா நாளைக்கே போய்ப் படுத்துக்கறேன். இதைப் பத்திப் பேச உனக்கு மனசில்லைன்னா பேசாத. நீ பேசலைன்னா வேண்டாம்னு எடுத்துக்கறேன். கோவிச்சுக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு மீதி நேரம் வெறும் ஓசைதான். நன்றாகத்தான் செய்திருந்தான்.

நல்லா இருக்கு, பாதிப்பேர் தூங்கிட்டாங்க என்று நான் சொன்னேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவன் எனக்குத் தோசை ஊற்றினான், பட்டறைக்குப் போனான், சினிமாவுக்குக் கூட்டிப்போனான். ஒரு நாள்கூடக் கோபப்படவில்லை.

பட்டையைப் பார்த்தேன். எழுபத்திரண்டு. எழுபத்திமூன்று ஆகி, மறுபடி எழுபத்திரண்டு. எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனால் அதுவும் எங்கோ அடுத்த அறையில் யாருக்கோ இருப்பது போலத்தான் இருந்தது. டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தை முழுவதும் சாப்பிட்டேன், கழுவி வைத்தேன். தாளை எடுத்து டிஜிட்டல் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். தட்டு இனி இந்தக் கூடத்துக்குள் வரவேண்டாம். எனக்கு நேர்ந்தது வேறு யாருக்கும் நேரவேண்டாம் என்று நினைத்தேனா, இல்லை நான் கேட்டது வேறு யார் காதிலும் விழவேண்டாம் என்று நினைத்தேனா என்று இப்போது கேட்டால் இரண்டாவதுதான் என்பேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வர்ஷினி வந்தாள். வாசலில் அவளுக்கும் பட்டை கட்டி அனுப்பியிருந்தார்கள். கையில் ஒரு பை நிறைய செவ்வந்தி, சாயங்காலம் நிவின் படத்துக்குப் போட. நோயாளிகள் போய்விட்டிருந்தார்கள். அவளை ஏழாம் நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"அண்ணன் வெட்டின தட்டு ஒண்ணு உங்ககிட்ட இருக்காமா? பட்டறையில சொன்னாங்க," என்றாள். "கேக்கணும் அண்ணி. மூணு வருஷமாச்சு, அவர் பண்ணது ஒண்ணுகூட நான் கேட்டதில்லை."

தட்டு டர்ன்டேபிளிலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் அதை எடுக்கவில்லை. கை அந்தப் பக்கம் போகவில்லை. கம்ப்யூட்டரில் டிஜிட்டலைத் தட்டினேன்.

பதினோரு நிமிடம் ஓடியது. வரும்போது தொண்ணூற்றெட்டு காட்டிய வர்ஷினியின் பட்டை எண்பது ஆகி, எழுபத்தைந்து ஆகியது. அவள் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நெற்றியில் இருந்த சுருக்கம்கூடப் போய்விட்டது.

"நல்லா இருக்கு அண்ணி," என்றாள். "தூக்கம் வருது."

கம்ப்யூட்டரில் அந்த பீஸை மூடினேன்.

"நான் உங்களை ரொம்ப நோகடிச்சிட்டேன்," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "அண்ணன் உங்ககிட்டச் சொல்லலைன்னா சொல்லலைதான். நீங்க ஏன் பொய் சொல்லப் போறீங்க. இனிமே கேக்க மாட்டேன் அண்ணி. இதோட விட்டுடலாம்."

மூன்று வருடமாக நான் அவளிடம் எதிர்பார்த்தது இதைத்தான். நான் பேசாமல் இருந்தால் போதும். பேசவில்லை என்றால் அவள் தானாகவே ஆமாம் என்று எடுத்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளவும் மாட்டாள். நிவினும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான், அவனும் கோபித்துக்கொள்ளவில்லை.

எழுந்துபோய் அவள் கையைத் தூக்கி, பட்டையைக் கழற்றினேன்.

"என்ன அண்ணி?"

"உன்ற அண்ணன் எங்கிட்டச் சொன்னாரு வர்ஷி."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"சொன்னாரு. எனக்குத்தான் கேக்கலை. எப்படின்னு கடைசியில சொல்றேன். முதல்ல நீ கேளு. கேட்டுட்டு என்னை என்ன வேணா சொல்லு, திட்டு, ஆனா பேசாம மட்டும் போயிடாதே."

என் பட்டையையும் கழற்றி அவளுடையதன் பக்கத்தில் மேஜையில் வைத்தேன். கையில் இல்லாதபோதும் கொஞ்ச நேரம் அது எழுபத்திரண்டு என்றே காட்டிக்கொண்டிருந்தது. மிக்ஸருக்கு அடியில் இருந்த தாளை எடுத்து, செவ்வாய்க்கிழமை போட்ட டிக்கின் மேல் கோடு கிழித்துவிட்டு, தட்டு என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ரித்விக் ஒரு மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும். பாதிப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்த பொத்தானை அழுத்தி, ஊசியை இறக்கினேன்.

முனகல் அதன் சுருதிக்கு வந்தது. வர்ஷினியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"தர்ஷி, நான்தான்," என்று ஆரம்பித்தான் நிவின்.

என் விரலுக்கு அடியில் அவள் நாடி ஏறத் தொடங்கியது. என்னுடையது ஏறியதா என்று சொல்லப் பட்டை கையில் இல்லை.